ஏவ்பரியில் கேட்டேன், சால்ஸ்பரியில் பதில்

நான்கு வருடத்துக்கு ஒருநாள்தான் எங்கள் இங்கிலாந்துப் பெண்களுக்கு அந்த உரிமை. பிப்ரவரி இருபத்தொன்பதன்று எந்த ஆணையும் பார்த்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கலாம். மாட்டேன் என்பவன் ஒரு டஜன் ஜோடி கையுறை வாங்கித் தரவேண்டும், மோதிரமில்லாத விரலை அவள் மறைத்துக்கொள்ள.

அடுத்த லீப் வருடம்வரை பொறுக்க முடியாது. ஈஸ்டர் முடிந்ததும் கனடாவில் மகனோடு போய் இருக்கப்போவதாக வில்ஃப் சொல்லிக்கொண்டிருந்தான். முள்வேலிக்கு அந்தப்பக்கம் அவன் தோட்டம், இந்தப்பக்கம் என் தோட்டம்; வருடக்கணக்கில் அப்படியே கிழங்கு போட்டோம். அவனைக் கனடாவுக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன தர்மசத்திரமா நடத்துகிறேன்?

அவனுடைய பழைய காரில், பெருங்கல் வட்டம் நிற்கிற ஏவ்பரிக்குப் போனோம். ஸ்டோன்ஹெஞ்சில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள். இங்கே கல்லில் சாயலாம், முதுகு சொறியலாம். ஆடுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. எத்தனையோ ஆயிரம் வருடமாக நிற்கிற கல்மேல் கைவைத்தேன்.

"வில்ஃப், இன்னிக்கு என்ன தேதி?"

"இருபத்தொம்போது."

"அப்ப கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

கல்லைப் பார்த்தான். ஆட்டைப் பார்த்தான். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினான். "கை ஐஸா இருக்கு பெரில். டீ குடி, ஆறிடப் போவுது."

எங்கள் ஆண்கள் தலையில் இடி விழுந்தாலும் முதலில் டீதான். யோசிக்கட்டும் என்று விட்டேன். சால்ஸ்பரி போகும் வழியில் ஸ்டோன்ஹெஞ்ச் தெரிந்தபோது, "லாரி ஜாஸ்தி" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

சால்ஸ்பரியில், "நீ கோயிலுக்குள்ள போ, கடைவீதியில ஒரு வேலை" என்று நழுவினான். பேராலயத்தின் பழைய கடிகாரத்தருகே நின்றேன். அது ஓடும், ஆனால் முகமும் முள்ளும் கிடையாது. காத்திருப்பவளுக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா?

வந்தான். காகிதப் பையை நீட்டினான். உள்ளே கையை விட்டால் கையுறை.

கோயில் என்பதும் மறந்து கத்தினேன்.

"முடியாதுன்னா வாயால சொல்லித் தொலைக்கக் கூடாதா? கஞ்சப் பிசினாரி, ஒரு டஜன் தரணும்ல!"

பாதிரியார் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வில்ஃப் காது சிவந்தான்.

"டஜன் எதுக்கும்மா? நாம ரெண்டு பேர்தானே. நல்லாப் பாரு."

பார்த்தேன். தடித்த தோல் வைத்த தோட்டக் கையுறை. சின்னது ஒரு ஜோடி, பெரியது ஒரு ஜோடி.

"புனித வெள்ளிக்குக் கிழங்கு ஊனணும். அதுக்குள்ள நடுவேலியைப் பிடுங்கிப் போடணும்ல? முள்ளு கிழிக்கும்."

"கனடா?"

"கடை வாசல்லயே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அதான் லேட்டு."

"சரின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"அதான் வேலியைப் பிடுங்கலாம்னு சொல்றேனே!"

அந்தத் தடிக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் பேராலயம் முழுக்கச் சுற்றினேன். ஒரு கையை அவன் பிடித்திருந்தான்.