மூத்த மாப்பிள்ளையின் பொய்ப்பூச்சி

கோவிந்தம்மாள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எந்த மாப்பிள்ளை மீன் கொண்டு வருகிறாரோ, மீன் தலை அவர் இலைக்குத்தான். இளைய மாப்பிள்ளை சேரனுக்கு மரக்காணத்து வலைக்காரர்களோடு பழக்கம். கல்யாணமான நாளாகத் தலை அவனுக்கே. திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மூத்த மாப்பிள்ளை ஆனந்தராஜுக்கு நடுத்துண்டு. நடுத்துண்டைத் தின்றுகொண்டே மரியாதைக்கு ஏங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது மூத்த மாப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

காசு கொடுத்து வாங்கி வந்தால் சேரனுக்குச் சமம், அவ்வளவுதான். ஆகவே ஆனந்தராஜ் செல்போனில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பொய்ப்பூச்சி கட்டக் கற்றுக்கொண்டான். மீன் எதைத் தின்கிறதோ அதே சாயலில் தூண்டில் முள்மேல் இறகும் நூலும் சுற்றிக் கட்டி, சாட்டை போலச் சுழற்றி வீசுகிற வித்தை அது.

அந்த ஞாயிறு காலை மாமியார் ஊர் ஏரியில் இறங்கினான். நல்ல தண்ணீரில் விரால், விராலுக்குத் தவளை. சைக்கிள் வால்டியூப் ரப்பரில் கால் செய்து வைத்து அவன் கட்டியிருந்த தவளை அத்தனை லட்சணம். வீசியதும் நிஜத் தவளை ஒன்று அதன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. பிய்த்து எறிந்தான். நீந்தி வந்து மறுபடி ஏறியது. பக்கத்தில் வந்த விரால், நாகரிகம் தெரிந்த மீன், பார்க்காததுபோல் ஒதுங்கிப் போனது.

கரையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பொன்னி கூப்பிட்டாள். "ஏ செம்பகம், இங்க வந்து பாரு. கோவிந்தம்மா மருமவன் தவளைக்குக் கண்ணாலம் பண்ணிக்கினு இருக்காரு."

"மழைக்கு எல்லாரும் பண்றதுதானே."

"பொண்ணு ரப்பருடி."

பயிர் வாடிக் கிடந்த ஊர். ரப்பரானால் என்ன என்று ஜோடிக்கு மஞ்சள் தடவிக் குலவையும் போட்டார்கள். மஞ்சள் காயுமுன் மழை பிடித்துக்கொண்டது. வானிலை அறிக்கையில் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏரி வழிந்து, வாய்க்கால் வழியாகப் பொடிமீனை எல்லாம் கடலோர உப்பங்கழிக்கு அடித்துக்கொண்டு போனது. பொடிமீன் போகிற இடத்துக்குக் கொடுவா வரும். ஆனந்தராஜ் வண்டியை எடுத்தான். பின்னால் சேரன் ஏறிக்கொண்டான்.

"அண்ணே, மார்க்கெட்டு மூடிடுவான். ஜல்தியா ரெண்டு சங்கரா வாங்கிக்கினு போயிடலாம்."

"நீ போயேன் தம்பி."

"நான் போயிட்டா இந்தக் கூத்த யாரு பாக்கறது?"

உப்புத் தண்ணீரில் மடவைக் குஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி போடச் சொல்லியிருந்தார்கள் செல்போன்காரர்கள். போட்டான். கலங்கல் தண்ணீரில் வெள்ளை இருந்த இடம் தெரியவில்லை. கலங்கலில் கறுப்புதான் நிழலாகத் தெரியும் என்று அவனுக்கே தோன்றியது. கறுப்புச் சேவல் இறகால் கட்டியதை எடுத்தான். ஆழத்துக்கு இறங்கட்டும் என்று மூக்கில் ஒரு பேரிங் குண்டு. மூன்றாவது வீச்சில் கொடுவா கவ்வியது. கவ்வி, அவனை இழுத்துக்கொண்டு போய் கழியை ஒட்டிய உப்பளம் முழுக்கச் சுற்றிக்காட்டிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது. கரையேறும்போது ஆனந்தராஜின் வேட்டி உப்புப் பூத்து, மடிக்க முடியாமல் தனியாக நின்றது.

சேரன் மீனைத் தூக்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

பந்தியில் எல்லோரும் பார்க்க, கோவிந்தம்மாள் தலையை ஆனந்தராஜ் இலையில் வைத்தாள். "சாப்புடுங்க மாப்ள." அவன் மனைவி ரோஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனந்தராஜ் தலையை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். எல்லாப் பக்கமும் எலும்பு. ஒரு கண் அவனையே பார்த்தது. கன்னத்தைத் தோண்டியதில் விரல் நுனி அளவு சதை கிடைத்தது. முள் ஒன்று பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

எதிர் இலையில் சேரன் நடுத்துண்டைச் சோற்றோடு பிசைந்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினான்.

"என்னா தம்பி, பேச்சே காணோம்?"

"கல்யாணமானதுலேர்ந்து மண்டை ஓட்டையே சப்பிக்கினு இருந்தேன் அண்ணே. மரியாதையாச்சே, வேணாம்னு சொல்ல முடியுமா? ஒரே பேஜாரு." துண்டை இலையின் நடுவுக்கு நகர்த்திக்கொண்டான். "அடுத்த ஞாயிறும் நீங்களே புடிச்சிக்கினு வந்துடுங்க."

"தெறமசாலிதான் எங்க பெரிய மாப்ள," என்றாள் கோவிந்தம்மாள். "இனிமே எப்பவும் தலை உங்களுக்குத்தான்."

ஆனந்தராஜ் வாயிலிருந்த முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, "சந்தோஷம் அத்த," என்றான்.