எட்டு கிலோமீட்டரும் ஒரு கிரீம் கேக்கும்

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவன் வாயைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். எனக்கு இரண்டு விதத்திலும் வாயைக் கட்டத் தெரியாது.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவை பேக்கரியில நின்னீங்கன்னு தெரிஞ்சுது, ஸ்கூட்டரை வித்துடுவேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள். எனக்கோ அந்த ஸ்கூட்டர்தான் உயிர்.

அன்று மீசையை இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் படியேறினேன். கூடத்தில் அவளுடைய டியூஷன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, மணி ஏழாச்சு. எப்பக் கிளம்பினீங்க?"

"அச்சகத்தை விட்டு ஆறுக்கே கிளம்பிட்டேன். ரோடெல்லாம் ஒரே கூட்டம். பதினாறுலதான் உருட்டிட்டு வந்தேன்."

வேகத்தைக் கேட்டாளா அவள்? நுணலும் தன் வாயால் கெடும்.

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றும்போது கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிட்டது.

"எழுதிக்குங்க. ஒருத்தர் ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு கிளம்பறார். தூரம் எட்டு கிலோமீட்டர். வேகம் மணிக்குப் பதினாறு. வீடு வந்தது ஏழு மணிக்கு. வழியில எவ்வளவு நேரம் நின்னார்?"

கழற்றிய சட்டையோடு கதவோரம் போய்க் காதை வைத்தேன்.

"நின்ன நேரம் எக்ஸ், மிஸ்" என்றது ஒரு குரல். "எட்டு வகுத்தல் பதினாறு, கூட்டல் எக்ஸ், சமம் ஒண்ணு. எக்ஸ் அரை மணி நேரம்!"

அரை மணியாம்! தின்றது ஒரே ஒரு கிரீம் கேக். கடையில் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டால் அதற்கு நானா பொறுப்பு? பொறுக்க முடியாமல் பனியனோடு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"தப்பு! அந்த ஆள் எங்கேயும் நிக்கல. வேகம்தான் எட்டு. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். எக்ஸ் பூஜ்யம்!"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மிஸ், எங்க சைக்கிளே பன்னெண்டுல போகும்."

"சும்மா இருங்க. சார் சொன்னா சரிதான், எட்டுன்னே வச்சுக்குவோம்" என்றாள் அவள், தேனாக. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"எட்டுல ஊர்ற வண்டி வீட்டுக்கு எதுக்கு? நாளைக்கே வித்துடலாம்." பலகையைத் துடைத்தாள். "அடுத்த கணக்கு. அதே ஆள், அதே எட்டு கிலோமீட்டர், நடந்து போறார். வேகம் நாலு. காலையில ஒன்பதுக்கு வேலையில இருக்கணும்னா எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பிள்ளைகள் பலகையைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்து ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஏழு மணிக்கு, சார்!"