ஒற்றை விளி

காரோடு, பாறசாலை பக்கத்து வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து ஒரு குரல் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் மிண்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாம் தடவையும் கூப்பிட்டால் அது மனிதன், பதில் சொல்லலாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது எதுவோ, அதன் பெயரைச் சொல்ல ஆட்கள் பிரியப்படுவதில்லை. ஈசாக்கின் குடும்பம் மூன்று தலைமுறையாக மிஷன் சபை. பேயை நம்பாதீர்கள் என்று உபதேசியார் ஞாயிறுதோறும் தொண்டை வற்றப் பேசுவார். அந்த உபதேசியாரை வீட்டில் போய்க் கூப்பிடுவதானாலும் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் கதவு திறக்கும்.

ஐம்பத்து நான்காம் வருஷம் ஆகஸ்ட் கடைசியில், ராணுவ மருத்துவப் பிரிவில் சிப்பாயாக இருந்த ஈசாக் விடுமுறையில் ஊருக்கு வந்தான். தோளில் அவனுடைய பெட்டி இல்லை. கூடப் பட்டாளத்தில் இருந்த அம்பூரிக்காரன் மோகனனின் தகரப் பெட்டி இருந்தது. மோகனன் ஜூலை மூன்றாம் தேதி ராஜஸ்தான் பாலைவனத்தில் பயிற்சியின்போது செத்துப்போனான். பெட்டியைக் கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பதுதான் ஈசாக்கின் திட்டம்.

நாடு நல்ல நிலையில் இல்லை. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் மலையில். பாறசாலையில் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரனுக்கு ஈசாக் மலையாளத்தில் பதில் சொன்னான். அடுத்த சாயாக் கடையில் முறைத்துப் பார்த்தவர்களுக்குத் தமிழில் பதில் சொன்னான். இரண்டும் அவனுடைய பாஷைதான், ஆனாலும் நாக்கு ஒவ்வொரு தடவையும் கூசியது. அதன்பிறகு வண்டி ஓடவில்லை. மலையடிவாரம் வரை நடந்தான்.

பட்டப்பகல் பதினொரு மணிக்கு வழியிலுள்ள வீடுகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. உள்ளே ஆள் இருக்கிறது, அடுப்புப் புகை வருகிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் வழி கேட்கக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட நினைத்தவனுக்கு என்னவோ வாய் வரவில்லை, நடந்துவிட்டான். ரப்பர்த் தோட்டத்துக்குள் ஏறியதும் வெளிச்சம் குறைந்தது. மழை விட்டும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. இலையில் விழுகிற ஒவ்வொரு சொட்டுச் சத்தமும் ஈசாக்குக்குத் தொண்டையில் கேட்டது. பாலைவனத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சந்தோஷம் வர வேண்டும். அவனுக்குப் பயம் வந்தது.

அந்த மூன்று மாதத்தை மனிதர் அனுபவிக்கக் கூடாது. காலை நான்கு மணிக்கு ஆளுக்கு ஒரு குப்பித் தண்ணீர். மத்தியானம்வரை அதுதான். அதிலும் மருத்துவச் சிப்பாயின் தண்ணீர் காயம்பட்டவனுக்கு உரியது. தான் ஒரு மிடறுக்கு மேல் குடித்தால் அன்று மாலை மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும். நூற்றுப் பதினெட்டு டிகிரி வெயிலில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஓர் அடி வைத்தால் முழங்கால்வரை மணல் விழுங்கும், அந்தக் காலை உருவி அடுத்த அடி. ஈசாக்கும் மோகனனும் ஒரே ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர்கள். மழையில் ஊறிப் பிறந்த இரண்டு பேரை இந்த வறட்டு மண்ணுக்கு அனுப்பியவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று மோகனன் தினமும் காலையில் திட்டுவான். அந்தத் திட்டைக் கேட்டால்தான் ஈசாக்குக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

பயிற்சி இப்படி. பாதிப் பேர் காயம்பட்டவர்களாக நடிக்க வேண்டும். கழுத்தில் ஒரு சீட்டு: தொடை எலும்பு முறிவு, வயிற்றில் குண்டு, இப்படி. அவர்கள் மணல் மேடுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் தேடிப் பிடித்துக் கட்டுப் போட்டுத் தூக்கி வர வேண்டும். ஹவில்தார் முதல் நாளே எச்சரித்திருந்தார்: தாகம் ஏறினால் காது பொய் சொல்லும், வீட்டு ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், பின்னால் போகாதே. ஈசாக்குக்கு அது நடந்தது. இரண்டாம் வாரம் அவனுடைய அம்மா மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சோறுண்ணக் கூப்பிட்டாள். ஒரே தடவை. ஊர்ச் சட்டம் இங்கேயும் செல்லுபடியாகிறது என்று அவன் உள்ளுக்குள் நடுங்கினான், கொஞ்சம் தைரியமும் அடைந்தான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த விஷயம் அல்லவா.

ஜூலை மூன்றாம் தேதி மோகனன் காயக்காரன். அவன் கழுத்துச் சீட்டில் 'மயக்கம்' என்று எழுதியிருந்தது. அன்று பத்தரை மணிக்கு மணல் புயல் எழுந்தது. எல்லாரும் திரும்புங்கள் என்று விசில் ஊதினார்கள். ஈசாக் ஸ்ட்ரெச்சரை மணலில் நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் குந்தியிருந்தான். வாயில் மணல், மூக்கில் மணல், தன் கையே கண்ணுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. காற்று ஒரு கணம் மூச்சுப் பிடித்தது. அப்போது, "ஈசாக்கே" என்று ஒரு குரல்.

ஒரு தடவை.

ஈசாக் தலையைத் தூக்கினான். இரண்டாவது வருமா என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தான். அவன் காத்திருந்தது உண்மை; அதை யாரும் அவனிடமிருந்து பிடுங்க முடியாது. இரண்டாவது வரவில்லை. ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வது எது என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மிண்டாமல் இருந்தான்.

புயல் அடங்கியபின் மோகனனைக் கண்டார்கள். சீட்டில் எழுதியிருந்ததைப் போலவே மயங்கிக் கிடந்தான். உடம்பு அடுப்புக்கல், ஒரு பொட்டு வியர்வை இல்லை. மேட்டுக்குப் பின்னாலிருந்து அவன் தவழ்ந்து வந்த தடத்தில் பாதியைக் காற்று தின்றிருந்தது. ஈரத் துணி சுற்றினார்கள், விசிறினார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானம் கழிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டான். நாக்கைத் துடைத்துவிட்டது ஈசாக்தான். அந்த நாக்கு மரப்பட்டை போல வறண்டு கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. இரண்டாம் தடவை கூப்பிட அவனிடம் எச்சில் இருக்கவில்லை.

விசாரணையில் ஈசாக், எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தான்.

மோகனனின் வீடு தோட்டத்தின் மேல்விளிம்பில் இருந்தது. முற்றத்தை நெருங்கும்போது ஒரு காகம் கரைந்தது. உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல், "ஓ, வாறேன் மக்கா" என்றது. கீழே எங்கேயோ ரப்பர் வெட்டுகிறவன் கூவினான். "ஓ, வாறேன் மக்கா." காற்றில் ஒரு ரப்பர்க் காய் வெடித்துச் சிதறியது. "ஓ, வாறேன் மக்கா." பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் கிணற்றடியிலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள். மோகனனின் மனைவி விலாசினி.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை. அவன் கையைப் பிடிக்காத குறையாகக் கிணற்றுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணா, நீங்க அவியளுக்க கூட இருந்த ஆளாக்கும், இல்லியா? ஒரு உபகாரம் செய்யணும். அவிய சத்தம் காட்டாம போனாருண்ணு அவியளுக்க அம்மையிட்ட சொல்லணும். ஒரு வாக்கு, அது போரும்."

"என்னத்துக்கு?"

"அண்ணைக்கு மழை. பத்தரை, பதினொண்ணு மணி இருக்கும். நானும் அம்மையும் அடுக்களையில. தோட்டத்துக்குள்ள இருந்து 'அம்மா'ண்ணு ஒரு விளி. அவியளுக்க சத்தமாக்கும் அது, எனக்கும் மனசிலாச்சு. ஆனா ஒரு தடவதான். அம்மை 'ஓ'ண்ணு சொல்ல வாயத் தொறந்தாவ. நான் பாஞ்சு வாயப் பொத்திட்டேன்." அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "பொத்தப் பொத்த அம்மை திமிறுனாவ. நான் விடல்ல. மூணாம் நாளு அவிய போயிட்டாருண்ணு பட்டாளத்துல இருந்து கம்பி வந்நு. அதே நாளு."

அந்த நேரத்தில்தான் ஈசாக் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தான்.

"அதுக்குப் பிறகு அம்மை எனக்கிட்ட மிண்டுதது இல்ல. மோனுக்க விளிக்கு மறுவிளி குடுக்க விடாம கொன்னவளாம் நான். காக்கா கரைஞ்சாலும் இப்ப மறுவிளி குடுக்குதாவ. வாற திங்கக்கிழமை எனக்க அண்ணன் வந்து என்னக் கூட்டிட்டுப் போவணுமாம். எனக்குப் போக எடம் இல்ல அண்ணா, அங்க மதினி என்ன வச்சிருக்க மாட்டா. அவிய விளிக்கவே இல்லண்ணு நீங்க சொன்னா, அம்மை கேட்டது வேற எதோண்ணு ஆவும்."

இதைவிட லேசான வேலை இந்த உலகத்தில் ஈசாக்குக்குக் கிடைத்திருக்காது. சொல்ல வேண்டியது அவன் ஏற்கனவே எழுதிக் கையெழுத்துப் போட்ட பொய். அது இப்போது புண்ணியமாகவும் ஆகிவிட்டது. ஆண்டவரே கையில் வைத்துக் கொடுத்தமாதிரி இருந்தது.

உள்ளே மோகனனின் அம்மா சரசம்மா கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் தோட்டத்தைவிட்டு அசையவில்லை. ஈசாக் பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டுக் குந்தினான்.

"அம்மா, நான் ஈசாக். காரோடு. மோகனனுக்க கூட..."

"எனக்க மோன் விளிச்சான், இல்லியா?" என்றாள்.

"இல்ல அம்மா. சத்தம் இல்லாம..."

"நீ அவனுக்க கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"பின்ன எப்பிடிலே பொய் சொல்லுக? நான் கேட்டேன். இஞ்ச, இந்த அடுக்களையில இருந்து கேட்டேன். அங்க நின்ன ஒனக்குக் கேக்கல்லியா?" அவள் குரலில் கோபம் இல்லை. "அவன் பிடிச்சு நின்னிருப்பான். நான் ஒரு 'ஓ' சொல்லியிருந்தா பிடிச்சு நின்னிருப்பான். இந்தப் பெண்ணு விடல்ல."

வாசலில் விலாசினி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஈசாக்கின் பொய் தொண்டையிலேயே கெட்டுப்போனது. இந்தப் பெண் செய்த அதே காரியத்தைத்தான் அவன் செய்தான். அவள் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு இப்பால் செய்தாள், அவன் கூப்பிடு தூரத்தில் செய்தான்.

"அம்மா, அவன் விளிச்சது என்னையாக்கும்" என்றான். "எனக்க பேரச் சொல்லி. ஒரு தடவ. எனக்குக் கேட்டுது. நம்ம பக்கத்து வழக்கத்த நெனச்சு நான் மிண்டாம இருந்திட்டேன். இவ ஒண்ணும் செய்யல்ல அம்மா. நான் மிண்டியிருந்தா அவன் இருந்திருப்பான்."

முற்றத்தில் காகம் கரைந்தது. சரசம்மா அதற்கு மறுவிளி கொடுக்கவில்லை.

"எம்பிடு தூரம்?" என்றாள்.

"நாப்பது அடி இருக்கும்."

கிழவி நிலையைப் பிடித்து எழுந்தாள். படி இறங்கினாள். முற்றத்து ஈரமண்ணில் தோட்டத்தைப் பார்க்க நடந்தாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டு. "ஒண்ணு. ரெண்டு. மூணு." அவசரமே இல்லை. ஒவ்வோர் அடியும் மண்ணில் பதிந்தது. ஒன்பது சொன்னபோது ஈசாக் எழுந்து முற்றத்தில் இறங்கினான். மோகனன் செத்த மறுநாள் காலை யாரும் பார்க்காதபோது அவனும் இப்படித்தான் மணலில் எண்ணியிருந்தான்.

"பதினொண்ணு. பன்னிரண்டு."

"நில்லுங்க அம்மா" என்று கத்தினான். "அம்பிடுதான். நாப்பது ஒண்ணும் இல்ல."

சரசம்மா நின்றாள். திரும்பினாள். அங்கிருந்து அவள் நெற்றிச் சுருக்கமும், பாம்படம் இல்லாமல் தொங்கிய காதின் வெற்றுத் துளையும், கன்னத்து நரைமுடியும்கூட ஈசாக்குக்குத் தெரிந்தன. அவ்வளவு பக்கம். அவள் குரலை உயர்த்தவில்லை. சோறுண்ணக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஈசாக்கே."

விலாசினி இரண்டு கையாலும் தன் வாயையே பொத்திக்கொண்டாள். ஈசாக்கின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிழவி மறுபடி கூப்பிடவில்லை, காத்துக்கொண்டு நின்றாள். தோட்டம் சொட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தமாதிரி இருந்தது. கடைசியில் அவன் வாயிலிருந்து அது வந்தது, பாதி மூச்சும் பாதிச் சத்தமுமாக.

"ஓ."

"கேக்குது மக்கா" என்றாள் சரசம்மா. "அவனுக்கும் கேட்டிருக்கும்."

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் அழுதான் என்று அவனுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்தபோது கிழவி திரும்பி நடந்து வந்து, அவனைத் தாண்டி, வாசலில் நின்ற மருமகளின் முன்னால் நின்றிருந்தாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு படியேறினாள்.

"விலாசினியே, இவனுக்கு இத்திரி வெள்ளம் குடு" என்றாள். "குடிச்சிட்டுப் போவட்டு. பின்ன இவன் இஞ்ச வரண்டாம்."