மாப்பிள்ளை கொஞ்சம் ஓம்

தோவா ஹனோய் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குளிர்சட்டைகள் போட்டிருந்தாள். மகள் இலையுதிர் காலம் என்று சொன்னதை அவள் பனிக்காலம் என்று எடுத்துக்கொண்டாள். பாவம், அவளையும் குற்றம் சொல்ல முடியாது. மெகாங் ஆறு கடலில் கலக்கும் த்ரா வின் என்ற ஊர்ப் பக்கம் பிறந்து, அங்கேயே நூடுல்ஸ் கடை போட்டுப் பிழைப்பவளுக்கு மழை, வெயில் என்று இரண்டே காலங்கள்தான் தெரியும்.

மகள் குயென் அரைக்கைச் சட்டையோடு வந்து நின்றாள்.

"மா, யாரோட போர்வைக் கடையைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"பேசாதடி. வடக்குக் குளிர் எலும்பைத் தின்னும்னு உன் பெரியம்மா சொன்னா."

"பெரியம்மா எப்ப ஹனோய் வந்தா?"

"வந்தவங்க சொன்னதைக் கேட்டிருக்கா."

குயென் இந்த ஊருக்குப் படிக்க வந்தாள். படிப்பு முடிந்ததும் வேலையைத் தேடிக்கொண்டாள். வேலையோடு துங் என்ற பையனையும் தேடிக்கொண்டாள். புத்தாண்டுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு தெற்கே வருவதாகப் பேச்சு. அதற்கு முன் பையனின் தாய் ஹான் அம்மாள் போனில் அழைத்தாள். "எங்க ஊருக்கு அழகே இந்த இலையுதிர் காலந்தாங்க, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்றாள். அழைப்பு ஊர் பார்க்க. பயணம் வீடு பார்க்க. இரண்டு அம்மாக்களுக்கும் அது நன்றாகத் தெரியும். தட்டை வாங்கிக்கொள்வேன் என்று தோவா இன்னும் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

அவள் மகளுக்குப் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏழையானாலும் சரி, அழகில்லாவிட்டாலும் சரி, வடக்கத்தியான் என்றாலும் தொலையட்டும், சீக்காளி மட்டும் கூடாது. குயெனின் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து, தோவாவின் கையால் மாத்திரையும் வெந்நீரும் வாங்கிக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அந்த மனிதர்மேல் அவளுக்கு அப்போதும் கோபமில்லை, இப்போதும் இல்லை. ஆனால் மருந்து வேளை, மருந்து வேளை என்று தன் இளமை கழிந்த மாதிரி மகளுடையதும் கழியக் கூடாது. "எருமை மாதிரி ஒருத்தனைக் கொண்டு வாடி, போதும்" என்று சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் மகளின் வாடகை அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது குயெனின் போன் கிணுகிணுவென்று மணியடித்தது. அவள் சட்டென்று அணைத்தாள். போன புத்தாண்டுக்கு ஊருக்கு வந்திருந்தபோதும் பொழுது சாய்ந்தால் இதே மணிதான்.

"என்னடி அது, தினம்?"

"ஆபீஸ் விஷயம் மா."

தோவாவும் நம்பினாள். பெற்றவர்கள் நம்புவதற்கென்றே பிள்ளைகளுக்கு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெரு நெடுக ஏழிலைப்பாலை மரங்கள் பூத்துத் தள்ளியிருந்தன. அந்த மணம் மூக்கு வழியாக ஏறி நெற்றியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"இதை எதுக்குடி வரிசையா நட்டு வச்சிருக்காங்க? தலை வலிக்குது."

"மா, கும்பிட்டுக் கேக்கறேன், இதை அங்க வந்து சொல்லிடாத. இவங்களுக்கு இந்தப் பூன்னா உசிரு."

ஹான் அம்மாளின் வீடு பழைய குடியிருப்பு ஒன்றின் மாடியில் இருந்தது. படியேறிப் போனதும் தோவா குளிர்சட்டைகள் மூன்றையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவ்வளவு வேர்த்திருந்தது. ஹான் அம்மாள் வெள்ளைத் தலையும் மெல்லிய குரலுமாக இருந்தாள். மேசைமேல் தாமரை இலையில் பொதிந்து வைக்கோலால் கட்டிய பச்சை அவலும், பக்கத்தில் சிவக்கப் பழுத்த சீமைப் பனிச்சைப் பழங்களும் இருந்தன. இந்தப் பருவத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் வரிசை அது. எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். யாரும் இன்னும் அதைத் தொடவில்லை.

"சம்பந்தியம்மா, முதல்ல ஒரு சென் தேநீர் குடிங்க" என்றாள் ஹான் அம்மாள்.

தெற்கே சென் என்றால் சோறு உண்ணும் கிண்ணம். ஒரு கிண்ணம் தேநீரை யார் குடிப்பது?

"ஒரு சென் நம்மால ஆகாதுங்க அக்கா. அரை சென் போதும்."

ஹான் அம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பாக்குக்கொட்டை அளவிலிருந்த ஒரு கோப்பையை எடுத்து, அதில் சரியாகப் பாதி ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். தோவா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். நாக்கு நனையுமா என்பதே சந்தேகம்.

குயென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மா, இங்க சென்னா இந்தக் குட்டிக் கோப்பைதான்."

"நானும் அதான் யோசிச்சேன். தெக்கத்திக்காரங்க இவ்ளோ சிக்கனமான்னு" என்று ஹான் அம்மாளும் சிரித்துவிட்டாள். தோவாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

துங் வந்து குனிந்து வணங்கினான். நல்ல முகம். அடக்கமான பேச்சு. ஆனால் சட்டை ஆணியில் மாட்டியது போல் தொங்கியது. பழம் நறுக்குகிறேன் என்று அவன் அடுக்களைக்குப் போக, குயெனும் பின்னாலேயே போனாள். அம்மாக்கள் இருவரும் தனியானார்கள். பையனைப் பற்றி அன்பாக நாலு வார்த்தை சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம் என்று தோவா நினைத்தாள். ஒல்லிப் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாயோடும் அப்படித்தானே பேச்சைத் தொடங்குவது.

"பையன் தங்கமாத்தான் இருக்கான் அக்கா. ஆனா ரொம்ப ஓம்."

ஹான் அம்மாள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யார் சொல்லணும்? பார்த்தாலே தெரியுதே. கவலைப்படாதீங்க, சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்."

"சாப்பாட்டுல சரியாகிற விஷயமாங்க அது?" ஹான் அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "மறைக்கணும்னு நினைக்கலைங்க. நேர்ல வச்சுச் சொல்லணும்னுதான் உங்களை வரச் சொன்னேன். சத்தியமா. அவனுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு. என்னோடதுல ஒன்னை எடுத்து வச்சாங்க. இப்ப நல்லா இருக்கான். கல்யாணம் பண்ணிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். மாத்திரை மட்டும் தினம் தவறக் கூடாது, அவ்வளவுதான்."

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்றவன் கதையாகிவிட்டது. தோவாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாக வாய் திறந்தாள்.

"அக்கா, நான் ஓம்னு சொன்னது... மெலிஞ்சிருக்கான்னுங்க. எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஓம்."

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது.

"இங்க ஓம்னா சீக்கு" என்றாள் ஹான் அம்மாள், கேட்டும் கேட்காத குரலில். "மெலிஞ்சவங்களைக் கய்னு சொல்லுவோம்."

தோவா எழுந்துகொண்டாள். கோபத்தில் எழுந்தாளா, பயத்தில் எழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

"உங்களுக்கு ரெண்டு இருந்துச்சு. ஒன்னைக் குடுத்தீங்க. எனக்கு இருக்கிறதே ஒன்னுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

குயென் ஓடி வந்து ஏரிக்கரையில்தான் அம்மாவைப் பிடித்தாள். காற்று மாறியிருந்தது. வெயில் இறங்கியதும் தண்ணீர்மேல் தவழ்ந்து வந்த ஒரு மெல்லிய குளிர் தோவாவின் பருத்திச் சட்டைக்குள் புகுந்தது. குளிர்சட்டை மூன்றும் அந்த வீட்டு நாற்காலியில் கிடந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடைபாதைத் தேநீர்க்கடையின் குட்டி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்தான்."

"அப்புறம் எப்படி மா அவனைப் பார்த்திருப்ப? சீக்கைத்தான் பார்த்திருப்ப."

"அந்தச் சீக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போயிடுவ. நான்தானடி பார்த்தேன்."

"தெரியும் மா. ராத்திரி எழுந்திருச்சு வெந்நீர் வைப்பியே, நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன்."

தோவா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்மேல் கோபமாக வந்தது. அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மூன்று குளிர்சட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு துங் இறங்கினான். சட்டைக் குவியலுக்குப் பின்னால் அவனே தெரியவில்லை.

"அத்தை, இதை மறந்துட்டு வந்துட்டீங்க. காத்து சில்லுன்னு இருக்கு."

தோவா ஒன்றை மட்டும் வாங்கிப் போர்த்திக்கொண்டாள். மற்றவற்றை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான் அவன். "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம் அத்தை. குயெனைத் திட்டாதீங்க. சொல்ல வேண்டியவன் நான்தான், பயந்துட்டேன்" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப் பையில் போன் மணியடித்தது. அதே நொடியில் குயெனின் கைப்பையிலும் அடித்தது. கிணுகிணு, கிணுகிணு என்று ஒரே மணி இரண்டு இடத்திலிருந்து.

தோவா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "இதுதான் உன் ஆபீஸா?"

குயென் தலை குனிந்துகொண்டாள். துங் பையைத் தடவினான். சட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அவசரத்தில் மாத்திரை வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆனால் குயெனின் கைப்பையில் ஒரு மாத்திரைப் பட்டை இருந்தது. கேட்காமலே பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தண்ணி?" என்றான் அவன்.

தோவா கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினாள். "ஒரு சென் வெந்நீர் குடும்மா."

பாக்குக்கொட்டைக் கோப்பை வந்தது.

"இது இல்லம்மா. எங்க ஊர் சென். சோறு திங்கற சென்."

கடைக்காரி முணுமுணுத்துக்கொண்டே தன் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவி, நிறைய வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். தோவா அதை வாங்கினாள். உதட்டைக் குவித்து மூன்று தடவை ஊதினாள். விளிம்பில் சுண்டுவிரலை வைத்துச் சூடு பார்த்தாள். அதன் பிறகுதான் அவனிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் தான் செய்ததைக் கவனித்தாள். மனசு இன்னும் மாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. அதைவிட வியப்பு, அது பாரமாகவே இல்லை. எப்போதும் பாரமாக இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்ததெல்லாம் குயெனின் அப்பா போய்விடுவாரே என்றுதான். மருந்து வேளைக்காக அவள் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

துங் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"வண்டியை எடு. மூணு பேர் ஏறலாமா?" என்றாள் தோவா.

"போலீஸ் பிடிப்பாங்க அத்தை."

"அப்ப நீ முன்னால போய் உங்கம்மாகிட்டச் சொல்லு, நாங்க நடந்து வர்றோம்னு."

ஹான் அம்மாள் அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பழம் பாதி நறுக்கியபடி கிடந்தது. தாமரை இலைப் பொதி அவிழாமல் இருந்தது. தோவா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் முறையாக அக்கா என்பதை விட்டாள்.

"சம்பந்தி, எனக்கு இருக்கிறதே ஒன்னுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதுல தப்பில்லைங்க."

"அந்த ஒன்னைத்தான் கொண்டுவந்திருக்கேன். நீங்க குடுத்தது இருக்கிற இடத்துலயே இதுவும் இருக்கட்டும்."

ஹான் அம்மாள் அழுதாள். தோவாவும் கூட அழுதாள். அவள் என்ன கல்லா? அழுது முடித்ததும் பொதியைத் தன் பக்கம் இழுத்து வைக்கோலை அவிழ்த்து, பச்சை அவலை மோந்து பார்த்தாள்.

"தேங்காய்ப்பூ இருக்கா சம்பந்தி? கொஞ்சம் சர்க்கரையும்?"

அவலை மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளி, வாயில் மணக்க மணக்கத் தின்பதுதான் ஹனோய்க்காரர்களுக்கு முறை. அதில் தேங்காயைக் கொட்டுவது என்றால் கொலை. ஹான் அம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு மகனைப் பார்த்து, "துங், மூலைக் கடையில தேங்காய் இருக்கும், வாங்கிட்டு வா" என்றாள்.

அவன் இறங்கிப் போகும்போது தோவாவின் போன் அடித்தது. த்ரா வின்னிலிருந்து அவள் அக்கா. வீட்டு நிலவரம் தெரியாமல் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கியிருக்காது.

"குளிர் எப்படி?"

"நீ சொன்ன குளிரெல்லாம் இல்ல. ஊர் முழுக்கப் பூ. வாசனைன்னா அப்படி ஒரு வாசனை."

குயென் அம்மாவை வியப்பாகப் பார்த்தாள்.

"அதை விடு. பையன் எப்படி? உடம்பு கிடம்பு நல்லா விசாரிச்சியா?"

தோவா ஹான் அம்மாளைப் பார்த்தாள். அந்த வெள்ளைத் தலை அப்படியே அசையாமல் இருந்தது.

"விசாரிச்சேன். கொஞ்சம் கய்."

"கய்யா? அப்படின்னா?"

"வடக்கத்திப் பேச்சு. மெலிஞ்சிருக்கான்னு அர்த்தம்" என்றாள் தோவா. "வேற ஒன்னுமில்ல."