இரண்டு விரல் தளர்வு

அப்பாவின் விரலில் அந்தப் பித்தளை வளையத்தை மாட்டுவதற்குள் ஹெட்விக்குக்கு வியர்த்துவிட்டது. விரல் விறைத்துப்போய் மடங்க மறுத்தது. வளையத்திலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி, படுக்கைக்கு மேலே ஏறி, சுவரோரமாக ஓடி, காவல்காரரின் அறைக்குள் நுழைந்தது. இங்கே விரல் அசைந்தால் அங்கே மணி அடிக்கும். எந்தப் படுக்கையோ, அந்த எண் பலகையில் விழும். மியூனிக்கில் யாரையும் இந்தச் சவக்கூடத்தில் சில நாள் கிடத்திப் பார்க்காமல் புதைப்பதில்லை. டாக்டர் பேச்சை மட்டும் நம்பி மண்ணுக்குள் போக இந்த ஊர்க்காரர்கள் தயாராக இல்லை.

அந்த மின்மணிகளைச் செய்து கொடுத்தவர்தான் இப்போது ஏழாம் எண் படுக்கையில் பூக்களுக்கு நடுவே கிடந்தார். புரொபசர் லியோபோல்ட் ஹார்ட்ல். அது அவருடைய முதல் வேலை. பிறகு ரயில் நிலையத்தைச் சுற்றி மின்விளக்கு போட்டார். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு மின்னோட்டத்தையும் அளக்கிற கருவி செய்தார். அரண்மனையில் பதக்கம் வாங்கினார். ஆனால் சொந்த வீட்டு வாசலில் ஓர் அழைப்பு மணி வைக்கவில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டத்தான் வேண்டும். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. வேறு வீடுகளில் விருந்துக்குப் போனால், மணி அடித்ததும் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அதன்பிறகு சாப்பிடமாட்டார். இது ஹெட்விக்குக்கு மட்டும் தெரியும்.

காவல்காரர் வாஸ்டல், தின்றுகொண்டிருந்த முள்ளங்கியை விழுங்கிவிட்டு, மீசையைத் துடைத்தபடி வந்தார்.

"போதும்மா, விடுங்க. கம்பியை நான் ரெண்டு விரல் தளர்த்திடுறேன்."

"தளர்த்தக் கூடாது. போன வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, என் கம்பியை மட்டும் தளர்த்த விடாதேன்னு."

"ஐயாவா? அவரே போட்ட சட்டம்மா அது! முன்னெல்லாம் சும்மா சும்மா அடிக்கும். செத்த உடம்பு ஊதும்ல? ஓடி ஓடி என் காலே தேஞ்சு போச்சு. அப்புறம் ஐயா வந்து எல்லாக் கம்பியையும் ரெண்டு விரல் தளர்த்தினாரு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அடிச்சதில்ல. நிம்மதி."

"எப்போ தளர்த்தினாரு?"

வாஸ்டல் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார்.

"உங்கம்மா இங்க இருந்தப்ப" என்றார். "மூணாம் நம்பர், ஜன்னலோரம். மத்தியானம் அடிச்சுது. நான் எழுந்தேன். ஐயா என் தோள்ல கைய வெச்சு உக்கார வெச்சுட்டாரு. வாயுதான் வாஸ்டல், கருவிதான் சரியில்லன்னாரு. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஏணிய எடுத்துட்டு வரச்சொன்னாரு."

"யாரும் போய்ப் பாக்கலையா?"

"அவருக்குத் தெரியாததாம்மா நமக்குத் தெரியும்?"

அம்மாவின் அடக்கத்தன்று பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். அழுதுகொண்டு நின்ற சிறுமி ஹெட்விக்கிடம் அப்பா, வெயில் காலம் என்று காரணம் சொன்னார். அது பனி விலகாத மார்ச் மாதம். அவள் போட்டிருந்த கம்பளிக் கையுறைகூட இன்னும் நினைவிருந்தது.

"ஏழாம் நம்பர் கம்பிய இழுத்துக் கட்டுங்க" என்றாள்.

வாஸ்டல் முணுமுணுத்துக்கொண்டே ஏணி வைத்து ஏறினார். சுவரோரக் கம்பிகளிலிருந்து தூசி கொட்டியது. அந்த நேரத்துக்குத் தம்பி எகோன் வந்து சேர்ந்தான். அப்பா பெயரைச் சொல்லியே மின்சாதனத் தொழிற்சாலை நடத்துகிறவன்.

"என்னக்கா கூத்து இது? மணி செஞ்சவரு மணியடிக்கிறாருன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அடிச்சா நான் போய்ப் பாப்பேன்."

மூவரும் காவல் அறையில் உட்கார்ந்தார்கள். வாஸ்டல் ஆளுக்கொரு குவளை பியர் ஊற்றி வைத்தார், ஹெட்விக் தொடவில்லை. வெளியே கண்ணாடிக்கு அப்பால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செத்தவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழு விழுமா என்று பயமாக இருந்தது. விழாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது.

மணி அடித்தது.

வாஸ்டலின் குவளை சரிந்து பியர் மேஜையெல்லாம் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. பலகையில் விழுந்திருந்த எண் மூன்று.

"மூணுல ஆளே இல்லையேம்மா" என்றார் வாஸ்டல்.

"கம்பிக் கோளாறு" என்றான் எகோன். "எல்லாம் பழசு. இவரு ஏணில ஏறி உரசி விட்டுட்டாரு, வேறென்ன? உக்காருக்கா." அவள் தோளில் கையை வைத்து அழுத்தினான்.

ஹெட்விக் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அதை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கூடத்தில் லில்லிப் பூவின் வாசனை மூச்சை முட்டியது. ஏழாம் படுக்கையில் அப்பா அவள் விட்டுப்போனபடியே கிடந்தார், விரல் அசைந்திருக்கவில்லை. அவள் அங்கே நிற்கவில்லை. ஜன்னலோரம் மூன்றாம் படுக்கையில் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. வளையம் ஆணியில் ஆடாமல் தொங்கியது. பின்னால் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து வளையத்தை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வந்துட்டேம்மா" என்றாள்.

காவல் அறையில் மணி நின்றது.