அரண்மனைத் திரை

தார் டின்னும் மட்டையுமாக வந்த ஆள் நாலு குடிசை தள்ளி நின்றான். அவன் எண் எழுதினால் குடிசை பிழைத்தது. பெருக்கல் குறி போட்டால் நாளைக்கே இடிக்க லாரி வரும். தாராவி உப்பங்கழியோரத்தில் தன் வாசலில் காத்து நின்றாள் கோமதி. புருஷன் வெயிலுமுத்து தோல் கிடங்கில் இருந்தான். லீவு கேட்டால் வேலையே போய்விடும்.

ஐம்பத்தெட்டுக்கு முந்திப் போட்ட குடிசைகளுக்குத்தான் எண்ணாம். இவர்கள் போட்டது ஐம்பத்தாறில், எட்டு வருஷமாகிறது. அப்போது இங்கே தரையே கிடையாது, முழங்கால் சேறு. செங்கல் உடைசலும் தோல் சீவலும் கூடை கூடையாகக் கொட்டி மிதித்து மேடாக்கிய இடம். யாரிடம் போய் முட்டிக்கொள்ள? ரேஷன் கார்டு இன்னும் கொழுந்தன் வீட்டு விலாசத்தில்தான் கிடந்தது.

இருந்தது ஒரே ஒரு போட்டோ. குடிசை கட்டி முடித்த வாரம், முக்காலிப் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்த கரீம் பாட்சா இதே வாசலில் வைத்து எடுத்தது. பின்பக்கம் தேதி எழுதியிருந்தார். அது போதும், அது போதும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தார்க்காரனோடு வந்த முனிசிபாலிட்டி கிளார்க் வேங்கடசுப்ரமணியன், பக்கத்து மாட்டுங்காவில் குடியிருப்பவர், தமிழ் பேசியதில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவள் நீட்டிய படத்தின் பின்பக்கத் தேதியைப் படித்துத் தலையாட்டினார். படத்தைத் திருப்பினார்.

"தேதி சரிதான். குடிசை எங்கேம்மா? பின்னாடி அரண்மனைன்னா இருக்கு?"

தூண், படிக்கட்டு, இரண்டு மயில். எல்லாம் கரீம் பாட்சா பின்னால் கட்டிய திரையில் வரைந்திருந்தவை. வீடு தெரியட்டுமே என்றுதான் அவர் சொன்னார். ஊருக்கு அனுப்புகிற படத்தில் சாக்குத் தட்டியைப் பார்த்தால் ஆத்தா அழுவாள் என்று இவள்தான் திரையைக் கட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். பாவி, தன் குடிசையைத் தானே மறைத்தாள்.

"திரைக்குப் பொறத்த நிக்கது இந்தக் குடிசைதான் சாமி. கால பாருங்க, இந்தச் சேறுதான்."

படத்தில் இருவர் காலிலும் கணுக்கால் வரை சேறு அப்பியிருந்தது. சேறு எங்கேயும்தான் இருக்கிறது என்று முனகியவர், அவள் முகத்தைப் பார்க்காமல் படத்தைக் கொடுத்துவிட்டு, தார்க்காரனுக்குத் தலையசைத்தார்.

தகரக் கதவில் பெருக்கல் குறி வழிந்தது. கோமதி அதன்மேலேயே முதுகைச் சாய்த்து நின்றாள். புருஷன் வருகிறவரை நகரக்கூடாது என்று இருந்தது.

கழுத்தில் காமிராவோடு ஒருவர் வந்தார். இடிக்கப்போகிற குடிசைகளை முன்கூட்டியே படம் எடுத்து வைக்க வேண்டுமாம். காமிராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ஹிந்தியில் ஏதோ சொன்னார். கிளார்க் அதைத் தமிழில் சொன்னார்.

"செத்த தள்ளி நில்லுங்கோம்மா. நீங்க நின்னா குடிசை தெரியலையாம்."