தோளில் இரண்டு பட்டன்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் தைப்பவள் நதியா. பதினாறு வருட அனுபவம். தென்காசிப் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள். கணவன் அந்தோணிராஜ் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ஜனவரி முதல் வாரம். கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரி கிளாரா, குழந்தைகளின் குளிர்கால உடுப்புகளை ஊட்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் வைத்துப் படமெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அங்கேயே பிரிக்கவோ குறுக்கவோ வேண்டிவந்தால் கையோடு ஒரு டெய்லர் வேண்டும். ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்மதி முதலாளியிடம் போய், "நதியாக்காவையே கூட்டிட்டுப் போறேனுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டாள்.

மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. ஹோட்டல் வரவேற்பில் கோட்டு போட்ட பையன் நதியாவின் துணிப்பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "கூட வர்ற ஸ்டாஃபுக்கு பின்னாடி தனியா ரூம் இருக்குங்க" என்றான்.

"நதியாங்கிற பேருக்கு ரூம் போட்டிருக்கான்னு பாருங்க தம்பி" என்றாள் நதியா.

பார்த்தான். இருந்தது. இரண்டாம் மாடி, பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல், இரண்டு இரவுகள். அவன் மன்னிப்புக் கேட்டுச் சாவியை நீட்ட, நதியா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வெயில் ஏறியதும் படமெடுக்கத் தொடங்கினார்கள். படத்துக்கு நிற்கக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஐந்து வயது வர்ஷினிக்கு முதலில் சிவப்பு ஸ்வெட்டர். கனத்த பருத்தி, உயர்ந்த கழுத்து. தலையை நுழைத்தார்கள், பாதியில் மாட்டிக்கொண்டது. "காது வலிக்குது!" என்று உள்ளிருந்து குழந்தை அலறியது. வெளியே இழுத்தபோது இரண்டு காதும் ஸ்வெட்டரின் நிறத்தில் இருந்தன.

கிளாரா கழுத்துப் பட்டியை விரலால் இழுத்துப் பார்த்துத் தையல் இறுக்கம் என்றாள். தமிழ்மதி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நதியா முட்டிபோட்டு உட்கார்ந்து, குழந்தையைச் சமாதானப்படுத்தித் தலையைச் சுற்றி இன்ச் டேப்பைப் பிடித்தாள். ஐம்பத்தொரு சென்டிமீட்டர். பிறகு ஸ்வெட்டரின் கழுத்தை முடிந்த மட்டும் இழுத்து அளந்தாள். நாற்பத்தாறு. தைக்கும்போதே அவளுக்கு இது உறுத்தியது. அளவுத்தாளில் உள்ளபடிதானே தைக்கிறோம் என்று கேட்காமல் விட்டிருந்தாள். இப்போது விடுவதாக இல்லை.

"தையல்ல தப்பில்ல மேடம். அவங்க குடுத்த அளவுலதான் தப்பு. சொல்லுங்க" என்றாள் தமிழ்மதியிடம்.

"பையர் குடுத்த அளவைத் தப்புன்னு எப்படிங்க்கா சொல்றது?" தமிழ்மதியின் குரல் இறங்கிவிட்டது.

"நானா சொல்லுதேன்? டேப்பு சொல்லுது. திங்கக்கிழமை நாப்பதாயிரம் உருப்படிக்கும் கட்டிங் போட்டுட்டா அத்தனை பிள்ளைகளுக்கும் இதே மாதிரி காது வலிக்கும்."

தமிழ்மதி ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். கிளாராவின் முகம் இறுகியது. அவள் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்தாள். இன்னொரு முறையும் அளந்தாள். பிறகு கைப்பேசியில் தன் அளவுத்தாளைத் திறந்து பார்த்து, "என் பிழை" என்றாள். இனி இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரம் கேளுங்க" என்றாள் நதியா.

ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தைக்க ஒரு மெஷின் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் இந்துமதி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நதியா இடது தோள் தையலைக் கழுத்துவரை பிரித்து, உள்ளே பட்டி கொடுத்து மடித்துத் தைத்தாள். பட்டன் துளைகளைக் கையாலேயே கட்டினாள். பையில் கொண்டுவந்திருந்த மரப் பட்டன் இரண்டை வைத்தாள். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

இந்த முறை ஸ்வெட்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வர்ஷினி புல்வெளியில் ஓட, படமெடுப்பவர் பின்னாலேயே ஓடினார். கிளாரா குழந்தையை நிறுத்தித் தோள் பட்டனைத் தடவிப் பார்த்தாள். எல்லா உருப்படியும் இப்படியே வேண்டும், எத்தனை நாள் கூடுதலாக ஆகும் என்றாள். தமிழ்மதி திரும்பி நதியாவைப் பார்த்தாள்.

"நாலு நாள். அஞ்சாவது நாள் கேக்க மாட்டோம்னு சொல்லுங்க."

கிளாரா அங்கேயே சம்மதித்தாள்.

மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. "இன்னைக்கே கெளம்பிரலாமுங்களா?" என்றாள் தமிழ்மதி.

"ரூம் நாளை வரைக்கும் இருக்குல்லா?"

"இருக்குதுங்க்கா."

"அப்போ நாளைக்குப் போவோம் மேடம். வந்ததுக்கு இருந்துட்டுப் போவோம்."

அன்று மாலை நதியா குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் விரல் நுனி சுருங்கும்வரை கிடந்தாள். கணப்படுப்பு எரியும் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சூப் கேட்டாள். மிளகு போதவில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கிக் குடித்தாள். அந்தோணிராஜை வீடியோவில் கூப்பிட்டு ஜன்னல் வழியே மலையைக் காட்டினாள்.

"ஏட்டி, நீ என்ன வேலைக்குப் போனியா, விருந்துக்குப் போனியா?"

"வேலைய முடிச்சிட்டேன். இப்ப விருந்து. கழுத்து மாறுது, பேட்டர்ன் அனுப்புதேன், பழசுல கத்தரி வச்சிராதீங்க."

திங்கட்கிழமை முதலாளி சாம்பிள் அறைக்கே வந்தார். நதியாவைப் பாராட்டிக் கிளாரா எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "ஊட்டி எப்படீங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு சார். அடுத்த வருசம் பிள்ளைகளோட போலாம்னு இருக்கோம். லீவு இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் நதியா.